சாசர் கிண்டலடித்த பிரெஞ்சு: ஆங்கிலோ-நார்மன் கெட்டுப்போன பிரெஞ்சா, மூத்த பிரெஞ்சா?

கடைசி பெஞ்ச் எம்.ஏ.

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளின் முன்னுரை எங்களுக்குப் பாடம். அதில் பிரியரஸ் என்று ஒரு மடத்துத் தலைவி வருகிறாள். பிரெஞ்சு நன்றாகப் பேசுவாளாம், ஆனால் அது 'ஸ்ட்ராட்ஃபோர்டு அட்டெ போ' பள்ளியில் கற்ற பிரெஞ்சாம். பாரிஸ் பிரெஞ்சு அவளுக்குத் தெரியாதாம். வகுப்பில் "இது பகட்டைக் கேலி செய்கிற வரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்துக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு அங்கேயே இடிக்கிறது. 1066-இல் நார்மண்டிக் கோமகன் வில்லியம் படையோடு வந்து இறங்கி இங்கிலாந்தைப் பிடித்தார். சாசர் எழுதியது 14ஆம் நூற்றாண்டின் கடைசியில். இடையில் முந்நூறு வருஷம் இங்கிலாந்தில் அரசவை, நீதிமன்றம், மடம் எங்கும் புழங்கிய மொழியை "பாரிஸ் பிரெஞ்சு இல்லை" என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியுமா? ஆங்கிலோ-நார்மன் என்று பெயர் சொல்கிற அது பிரெஞ்சின் வட்டார வழக்கா, தனி மொழியா, இல்லை தப்பும் தவறுமாகப் பேசிய பிரெஞ்சுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவை வாசி

பிரெஞ்சு கற்பிப்பவன் என்ற முறையில் நேராகவே சொல்கிறேன். அது பிரெஞ்சுதான், ஆனால் தாய்வீட்டுத் தொடர்பு அறுந்து சீர்குலைந்த பிரெஞ்சு. ஆண்பால் பெண்பால் குழப்பம் கைப்பிரதிகளில் சர்வசாதாரணம். பழைய பிரெஞ்சில் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் தனித்தனி வடிவம் இருந்ததே, அதை இங்கிலாந்துக்காரர்கள் சீக்கிரமே கோட்டைவிட்டார்கள். வினைச்சொல் வகைகளையும் ஒன்றோடொன்று கலந்தார்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அந்தக் காலத்து ஆட்களையே கேளுங்கள். 12ஆம் நூற்றாண்டில் பார்க்கிங் மடத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் எட்வர்டு மன்னரின் வரலாற்றைச் செய்யுளில் எழுதினார். "இங்கிலாந்தின் பொய்ப் பிரெஞ்சுதான் எனக்குத் தெரியும், வேறெங்கும் போய் நான் தேடவில்லை" என்று அவரே சொல்கிறார். மார்ல்பரோவில் ஓர் ஊற்று உண்டு, அந்தத் தண்ணீரைக் குடித்தால் பிரெஞ்சு கெட்டுவிடும் என்று அந்தக் காலத்து எழுத்தாளர் வால்ட்டர் மேப் நக்கலடித்தார். பிரபுக்கள் பிள்ளைகளின் பேச்சில் இருக்கும் கரடுமுரடு போகட்டும் என்று அவர்களைப் பிரான்சுக்கு அனுப்பி வளர்த்ததாக டில்பரியின் ஜெர்வேஸ் எழுதுகிறார். 1204-இல் ஜான் மன்னர் நார்மண்டியைப் பறிகொடுத்த பிறகு கேட்கவே வேண்டாம்.

பழஞ்சுவடி

புதுவை வாசி சார், தாய்வீடு என்றீர்களே, எந்த ஊர் அது? 1066-இல் பாரிஸ் பிரெஞ்சை யாரும் அளவுகோலாக வைத்திருக்கவில்லை. நார்மண்டி, பிக்கார்டி, ஷாம்பான் என்று ஊருக்கு ஊர் ஒரு வழக்கு, எல்லாவற்றுக்கும் பெயர் 'பிரெஞ்சு' அல்லது 'ரொமான்ஸ்'. பாரிஸ் வட்டார வழக்கைக் குறிக்க இன்று சொல்கிற 'ஃபிரான்சியன்' என்ற பெயரையே கஸ்தோன் பாரிஸ் என்ற அறிஞர் 1889-இல்தான் உருவாக்கினார். அந்த வழக்கில் யாரும் அப்படித் தன் மொழியை அழைத்ததில்லை. பிற்காலத்தில் வந்த அளவுகோலை முன்னால் கொண்டுபோய் வைத்து, அதிலிருந்து விலகியதெல்லாம் சிதைவு என்பது தேதியைத் தலைகீழாகப் படிப்பது.

இலக்கியத்தைப் பாருங்கள். ஃபிலிப் தெ தான் என்பவர் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டிக் கணக்கைப் பிரெஞ்சுச் செய்யுளாக எழுதினார். பிரெஞ்சில் கிடைக்கும் அறிவியல் எழுத்துக்களில் அதுதான் மிகப் பழையவற்றில் ஒன்று. அவரே விலங்கு நூல் ஒன்றையும் எழுதி அரசி அடெலிசாவுக்குக் காணிக்கையாக்கினார். 1130களில் ஜெஃப்ரே கைமர் ஆங்கிலேயரின் வரலாற்றை எழுதினார். பிரெஞ்சில் நமக்குக் கிடைக்கும் முதல் வரலாற்று நூல் அது. அதை எழுதச் சொன்னவர் கான்ஸ்டன்ஸ் என்ற ஒரு சீமாட்டி. இதெல்லாம் இங்கிலாந்தில் நடந்தது. அந்தச் சமயத்தில் பாரிஸில் படித்தவர்கள் லத்தீனில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ரோலண்டின் பாடல் இருக்கிறதே, பிரான்சின் தேசிய காவியம் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்களே, அதன் மிகப் பழைய பிரதி ஆக்ஸ்போர்டில், பாட்லியன் நூலகத்தில் 'டிக்பி 23' என்ற எண்ணில் கிடக்கிறது. அதன் மொழி ஆங்கிலோ-நார்மன்.

பார்க்கிங் கன்னியாஸ்திரி சொன்னதற்கு நம்மிடமே பெயர் உண்டு: அவையடக்கம். ஆயிரக்கணக்கான அடிகளை எதுகை தவறாமல் எழுதி முடித்த ஒருத்தர் "எனக்கு மொழி தெரியாது" என்றால் அதை வாக்குமூலமாகப் பதிவு செய்துகொள்வீர்களா?

புதுவை வாசி

அவையடக்கம் சரி. ரோலண்ட் பற்றிச் சொன்னதில் மட்டும் ஒரு ஓட்டை. பிரதி எடுத்த இடமும் பாடல் பிறந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பாடலை இங்கிலாந்துக் கணக்கில் எழுதாதீர்கள்.

இன்னொன்று. அளவுகோலே இல்லை என்கிறீர்கள். கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டின் வரலாற்றை 1170களில் எழுதிய கெர்ன் என்பவர் "என் மொழி நல்ல மொழி, ஏனென்றால் நான் பிரான்சில் பிறந்தவன்" என்று மார்தட்டுகிறார். 1204-க்கு முன்பே அந்த ஏற்றத்தாழ்வு இருந்திருக்கிறதே!

பழஞ்சுவடி

ரோலண்ட் விஷயத்தில் பிரதியைப் பற்றி மட்டும்தான் சொன்னேன், பாடலைப் பங்கு கேட்கவில்லை. கைமரையும் ஃபிலிப்பையும் நீங்கள் தொடவில்லை என்பதையும் கவனித்தேன் :)

கெர்ன் நல்ல சாட்சிதான். ஆனால் அவரோடு கொனோன் தெ பெத்யூனையும் சேர்த்து நிறுத்துங்கள். அவர் ஆர்த்துவா பகுதிக்காரர், கவிஞர், பெரிய இடத்துப் பிள்ளை, இங்கிலாந்துக்காரர் இல்லை. 1180 வாக்கில் அரசவையில் பாடியபோது அவர் ஊர் வழக்கைக் கேட்டு அரசியும் அவர் மகனான இளம் மன்னரும் குறை சொன்னார்கள். "நான் (பாரிஸ் பக்கத்து ஊரான) பொந்துவாஸில் வளரவில்லையே" என்று அவர் பாட்டிலேயே புலம்பியிருக்கிறார். பாரிஸ் பக்கத்துப் பேச்சுக்கு மவுசு ஏறத் தொடங்கிவிட்டது, சந்தேகமில்லை. அந்த மவுசுக்கு முன்னால் இங்கிலாந்து, ஆர்த்துவா, பிக்கார்டி எல்லாமே ஒரே வரிசையில்தான் நின்றன. கெட்டது ஆங்கிலோ-நார்மன் மட்டும் என்பதற்கு அது ஆதாரமில்லை.

சும்மா கேட்கிறேன்

இரண்டு பேரும் யார் யாரைக் கிண்டல் செய்தார்கள் என்றே சொல்கிறீர்கள். பேச்சு எப்படி வித்தியாசமாக இருந்தது என்று ஒருத்தராவது சொல்லுங்களேன்.

ரூவன் தமிழன்

நான் இருக்கிறது நார்மண்டியில், ரூவனுக்குப் பக்கத்தில். இங்கே பழசுகள் இன்னும் ஒன்றிரண்டு ஊர்ச்சொல் கதைப்பார்கள். மாட்டுக்குப் பாரிஸ் பிரெஞ்சில் 'வாஷ்', இவர்கள் வாயில் 'வாக்'. பூனைக்கு அங்கே 'ஷா', இங்கே 'கா'. தச்சருக்கு அங்கே 'ஷார்ப்பான்தியே', வடக்கில் 'கார்ப்பான்தியே' என்று குடும்பப் பெயரே உண்டு. ஆங்கிலத்தின் 'கார்பென்டர்' எந்தப் பக்கத்தால் போனது என்று இப்ப விளங்கும். லத்தீனின் 'க' ஒலியை வடக்கு அப்படியே வைத்திருந்தது, பாரிஸ் இருக்கும் நடுப்பகுதி 'ச' ஆக்கி, பிறகு 'ஷ' ஆக்கியது. இந்த எல்லையைக் கோடு போட்டுக் காட்டியவர் ஜோரே என்பவர், 1880களில். கோடு நார்மண்டியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும்.

மற்றது 'வ' ஒலி. ஜெர்மானியச் சொற்களின் தொடக்கத்தில் இருந்த 'வ'வைப் பாரிஸ் 'க' ஆக்கிவிட்டது. வடக்கு ஆக்கவில்லை. வில்லியம் என்ற பெயரைத்தான் பாரிஸ்காரர் கியோம் என்கிறார்கள்.

சும்மா கேட்கிறேன்

இது! இதைத்தான் கேட்டேன். அப்படியானால் 'வார்டன்' – 'கார்டியன்' ஒரே சொல்லா?

ரூவன் தமிழன்

ஓம், அதேதான். 'வாரண்டி' – 'கேரண்டி'யும் அப்படித்தான். மிக்சி வாங்கப் போகும்போது "கேரண்டியா வாரண்டியா" என்று கேட்கிறோமே, ஒரு ஜெர்மானியச் சொல் பிரான்சின் இரண்டு பக்கத்தாலும் சுற்றி வந்து நம்ம கடையில் சண்டை போடுகிறது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. 'கேட்ச்' வடக்கு வடிவம், 'சேஸ்' நடுப்பகுதி வடிவம், இரண்டுக்கும் வேர் ஒன்று. 'விக்கெட்'டும் எங்கள் வடக்குச் சொல், சின்னக் கதவு என்று பொருள். அதே சொல் பாரிஸில் 'கிஷே' ஆனது. ரயில் நிலையத்தில் டிக்கெட் தரும் ஜன்னலுக்கு இன்றைக்கும் அதுதான் பெயர்.

கடைசி பெஞ்ச் எம்.ஏ.

சேஸிங்கில் கேட்ச் கொடுத்து விக்கெட் போச்சு என்றால் மூன்றும் 1066-க்குப் பிறகு வந்தவையா! ஒரு சந்தேகம்: அப்படியானால் ஆங்கிலோ-நார்மன் என்பது நார்மண்டிப் பேச்சேதானா? ஜெர்சி தீவில் இப்போதும் ஏதோ பேசுகிறார்களாமே, அது இதன் வாரிசா?

பழஞ்சுவடி

இல்லை. பெயர்தான் குழப்புகிறது. வில்லியமோடு வந்தவர்களில் நார்மன்கள் அதிகம் என்றாலும் பிரெட்டன்கள், ஃபிளெமிஷ்காரர்கள், பிக்கார்டிக்காரர்கள் என்று பல தரப்பினர் இருந்தார்கள். எல்லோரும் இங்கிலாந்தில் கலந்ததில் பிறந்த கலவை அது. பிறகு பிரான்சின் அஞ்ஜூ பகுதியைச் சேர்ந்த வம்சம் ஆட்சிக்கு வந்தது, பாரிஸில் படித்துவிட்டுப் பாதிரியார்கள் திரும்பினார்கள், அந்தச் சாயலும் ஏறியது. கேட்சும் சேஸும் சேர்ந்தே ஆங்கிலத்தில் நிற்பது அதனால்தான். சிலர் 'ஆங்கிலோ-பிரெஞ்சு' என்றும், இப்போது 'இங்கிலாந்தின் பிரெஞ்சு' என்றும் சொல்வதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

ஜெர்சி, கெர்ன்சி தீவுகளின் பேச்சு நார்மனின் நேரடி வாரிசு. ஆங்கிலோ-நார்மனுக்கு அது உடன்பிறப்பு முறை, பிள்ளை முறை இல்லை. 1204-இல் நார்மண்டி போனாலும் அந்தத் தீவுகள் ஆங்கில மன்னரிடமே தங்கிவிட்டன. ஆர்தர் மன்னர் கதையைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்த வாஸ் ஜெர்சியில் பிறந்தவர்தான்.

ஒலியில் இன்னும் கொஞ்சம். பாரிஸ் பக்கம் 'எய்' ஒலி 'ஓய்' ஆகி, இன்று 'வா' ஆகிவிட்டது. ராஜாவுக்கு அங்கே 'ருவா', இங்கிலாந்தில் நீண்ட காலம் 'ரேய்'. ஆங்கிலத்தில் 'வெயில்' என்று ஒரு முகத்திரை இருக்கிறதே, அதற்குப் பாரிஸில் 'வுவால்'. 'ஃபெய்த்' என்ற சொல்லின் கடைசி ஒலியை யோசித்துப் பாருங்கள். பிரான்சில் அந்த ஒலி தேய்ந்துபோய் வெறும் 'ஃபுவா' ஆனது, ஆங்கிலத்தில் 12ஆம் நூற்றாண்டு அப்படியே உறைந்து நிற்கிறது. 'விக்டரி', 'குளோரி' எல்லாவற்றின் வாலும் ஆங்கிலோ-நார்மன் வால்தான். பாரிஸ்காரர் 'விக்துவார்', 'குளுவார்' என்பார்.

பொருளும் தனி வழியில் போனது. 'பார்லமென்ட்' கடலுக்கு அந்தப் பக்கம் மன்னரின் நீதிமன்றத்துக்குப் பெயராகிவிட்டது. இந்தப் பக்கம் சட்டம் இயற்றும் சபை ஆனது.

வழக்குக்கட்டு

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. வக்கீல் தொழிலில் இருப்பவன், அதனால் நான் சொல்கிறேன்.

பவர் ஆஃப் அட்டர்னி, மார்ட்கேஜ், பெயில், ஜூரி, வாரண்ட் – நாங்கள் தினமும் உச்சரிக்கிற பாதிச் சொற்கள் அங்கிருந்து வந்தவை. உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி அல்லாதவர்களைப் 'பியூனி ஜட்ஜ்' என்பார்கள். 'பிறகு பிறந்தவர்', அதாவது இளையவர் என்ற பிரெஞ்சுச் சொல் அது. பியூனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

1362-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: பிரெஞ்சு மக்களுக்குப் புரியவில்லை, ஆகவே இனி வழக்கை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள். வாதம் ஆங்கிலத்துக்குப் போன பிறகும் வக்கீல்கள் குறிப்பெடுப்பதை மட்டும் பிரெஞ்சில் விடாமல் தொடர்ந்தார்கள். 1731-இல் நாடாளுமன்றம் மறுபடி சட்டம் போட்டு, அது 1733-இல் அமலுக்கு வந்த பிறகுதான் அடங்கியது.

அந்த மொழி கடைசியில் எந்த அழகில் இருந்தது என்பதற்கு ஒரு மாதிரி. 1631, சாலிஸ்பரி. தண்டனை பெற்ற கைதி ஒருவன் தலைமை நீதிபதி ரிச்சர்ட்சன் மீது செங்கல் துண்டை வீசினான். குறிப்பெடுத்தவர் எழுதுகிறார்: "ஜெக்ட் அன் பிரிக்பேட் அ லெ டிட் ஜஸ்டிஸ் கெ நேரோலி மிஸ்ட்". 'வீசினான்' பிரெஞ்சு, 'பிரிக்பேட்' ஆங்கிலம், 'மேற்படி நீதிபதி' பிரெஞ்சு, 'நூலிழையில் தப்பியது' சுத்த ஆங்கிலம். அவன் வலது கையை வெட்டித் தூக்குமரத்தில் மாட்டி, உடனே அவனையும் அதில் தொங்கவிட்ட சேதியும் அதே கலவையில் வருகிறது.

புதுவை வாசி

இதற்கு மேலுமா சாட்சி வேண்டும்? இதைப் பிரெஞ்சு என்று என் மாணவர் எழுதிக் கொடுத்தால் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

வழக்குக்கட்டு

சார், அந்தக் குறிப்பு மாணவர் தாள் இல்லை, தொழில் சுருக்கெழுத்து. எங்கள் ஆட்களும் "பெட்டிஷனரைக் கிராஸ் பண்ணி, டினை பண்ணி, அஜர்ன் ஆயிடுச்சு" என்றுதான் டைரியில் எழுதுவார்கள். அதை வைத்துத் தமிழை எடை போட்டால் ஒத்துக்கொள்வீர்களா? ஒன்றைக் கவனியுங்கள், பிரிட்டன் நாடாளுமன்றத்தில் மசோதாவுக்கு அரச ஒப்புதல் தரும்போது இன்றைக்கும் "லெ ருவா லெ வெல்" என்றுதான் அறிவிக்கிறார்கள். மன்னர் அதை விரும்புகிறார் என்று பொருள். 2022 வரை 'லா ரேன்' என்று அரசியைச் சொன்னார்கள், இப்போது மன்னர்.

பழஞ்சுவடி

1631-ஐக் காட்டி 1231-க்குத் தீர்ப்பு சொல்வதில்தான் எனக்குத் தகராறு. நீண்ட காலம் வரை அறிஞர்களும் இதைத்தான் செய்தார்கள். 13ஆம் நூற்றாண்டிலேயே அது செத்த மொழி, பாடம் படித்துக் கற்ற மொழி என்று முடிவுகட்டினார்கள். வில்லியம் ராத்வெல் இதை விடாமல் எதிர்த்தார். ஆங்கிலோ-நார்மன் அகராதியின் பின்னால் இருந்தவர் அவர். கணக்கு, கடிதம், வியாபாரம், மருத்துவம் எல்லாம் அந்த மொழியில் நடந்துகொண்டிருந்ததைப் பக்கம் பக்கமாக எடுத்துக் காட்டினார். ரிச்சர்ட் இங்கம் வாக்கிய அமைப்பை ஆராய்ந்தார். பிரான்சில் இலக்கணம் மாறமாற இங்கிலாந்திலும் கூடவே மாறி வந்திருக்கிறது, 14ஆம் நூற்றாண்டில் வெகுதூரம் வரை. செத்த மொழி அப்படி மாறாது. சிறுவயதிலேயே காதால் கேட்டுக் கற்றவர்கள் இருந்தால்தான் மாறும். உண்மையான முறிவு 1348-49 கொள்ளைநோய்க்குப் பிறகு என்பது அவர் கட்சி.

கற்றுத்தந்த விதத்துக்கு ஒரு கையேடே இருக்கிறது. எசெக்ஸ் பகுதிப் பிரபு, பிப்ஸ்வொர்த்தின் வால்ட்டர், 13ஆம் நூற்றாண்டில் டியனிஸ் என்ற சீமாட்டிக்காக எழுதியது, அவர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர. செய்யுளில் ஓடும். குழந்தை பிறப்பதில் தொடங்கி உடல் உறுப்பு, துணி, உழவு, ரொட்டி சுடுவது, எந்த விலங்கு எப்படிக் கத்தும் என்று போகும். பிரெஞ்சுச் சொற்களின் தலைக்கு மேல் பொடி எழுத்தில் ஆங்கில அர்த்தம். அதில் ஓர் இடம்: 'லா லெவ்ர' பல்லை மூடும், 'லெ லெவ்ர' காட்டில் இருக்கும், 'லா லிவ்ர' வியாபாரத்துக்கு ஆகும், 'லெ லிவ்ர' பாடம் சொல்லித்தரும். உதடு, முயல், பவுண்டு, புத்தகம். பாலை மாற்றினால் முயல் உதடாகிவிடும்.

புதுவை வாசி சொன்ன பால் குழப்பம் அவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இது சாட்சி, அதை மறுக்கவில்லை. ஆனால் சாப்பிடு, வா, போ என்ற அடிப்படையை அவர் சொல்லித்தரவில்லை பாருங்கள். அது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு, பண்ணை நிர்வாகத்துக்கு வேண்டிய நுணுக்கச் சொற்களுக்குப் போகிறார்.

புதுவை வாசி

பிப்ஸ்வொர்த்தை நானும் புரட்டியிருக்கிறேன், ரசிக்கத்தக்க ஆள். சரி, என் நிலையைத் திருத்தமாகச் சொல்கிறேன். 12ஆம் நூற்றாண்டுக்கு 'கெட்டுப்போன' என்ற சொல்லை விட்டுவிடலாம். 1350-க்குப் பிறகு விடமாட்டேன். லங்காஸ்டர் கோமகன் ஹென்றி 1354-இல் பக்தி நூல் ஒன்றைப் பிரெஞ்சில் எழுதிவிட்டு, "நான் ஆங்கிலேயன், பிரெஞ்சில் அதிகம் பழக்கமில்லை, பிழை பொறுங்கள்" என்கிறார். இங்கிலாந்தின் பெரும் பிரபுக்களில் ஒருவர், பிரான்சில் போர் நடத்தியவர். 1385-இல் மொழிபெயர்ப்பாளர் ஜான் ட்ரெவிசா, பள்ளிப் பிள்ளைகள் பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்தில் பாடம் படிக்கிறார்கள், பிரெஞ்சு அவர்களின் இடது குதிகாலுக்குத் தெரிந்த அளவுகூட அவர்களுக்குத் தெரியாது என்று எழுதுகிறார். அவையடக்கம் என்று இதையும் தள்ளுவீர்களா?

பழஞ்சுவடி

ஹென்றியைக் கொஞ்சம் தள்ளுவேன், ட்ரெவிசாவைத் தள்ள மாட்டேன் :) 1350-க்குப் பிறகு என்றால் பெரிய சண்டை இல்லை. பேசுபவர்கள் குறைந்தார்கள், எழுதுபவர்கள் தொடர்ந்தார்கள், எழுத்தும் ஆங்கில வாக்கியத்தில் சாயத் தொடங்கியது. ஆனால் அந்தக் கட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சு மொழிக்குப் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் முதல் இலக்கணம் எங்கே பிறந்தது? இங்கிலாந்தில், 1409 வாக்கில். செஷயரில் பிறந்து பாரிஸில் படித்த ஜான் பார்ட்டன் ஏற்பாடு செய்தது, பெயர் 'டொனே ஃபிரான்சுவா'. பாரிஸ் பிரெஞ்சைச் சரியாகக் கற்றுத்தருவதுதான் அதன் நோக்கம். பிரான்சில் பிறந்தவருக்கு அப்போது அப்படியொரு புத்தகம் தேவைப்படவில்லை. அளவுகோலை முதலில் எழுதி வைத்தவர்கள், அதற்கு வெளியே நின்றவர்கள்தான்.

கடைசி பெஞ்ச் எம்.ஏ.

அப்படியானால் பிரியரஸ்? சாசர் கிண்டல் செய்கிறாரா இல்லையா?

பழஞ்சுவடி

செய்கிறார் என்றே நினைக்கிறேன், ஆனால் உங்கள் வகுப்பில் சொன்ன அளவுக்கு இல்லை. ஸ்ட்ராட்ஃபோர்டில் நிஜமாகவே ஒரு கன்னியர் மடம் இருந்தது. சாசர் அரசுப் பணியில் இருந்தவர், பிரான்சில் போர்க்கைதியாகப் பிடிபட்டு மீட்கப்பட்டவர், இரண்டு பிரெஞ்சும் அவர் காதுக்கு அத்துபடி. லண்டன் சுங்கத்தில் அவர் வேலை பார்த்தபோது சுற்றிலும் புழங்கியதும் ஸ்ட்ராட்ஃபோர்டு ரகப் பிரெஞ்சுதான். ராத்வெல் சொல்வதும் இதைத்தான்: நாட்டு நிர்வாகமே அந்தப் பிரெஞ்சில் ஓடியது. அவளிடம் அவர் சிரிப்பது, அரசவை நடையை ஒரு மடத்துப் பெண் விழுந்து விழுந்து காப்பியடிப்பதை.

புதுவை வாசி

அதெல்லாம் சரி. "அவளுக்குத் தெரியாது" என்றுதானே அவர் எழுதியிருக்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் அது கிண்டல்தான்.

சும்மா கேட்கிறேன்

இதில் நேரடியாக ஏதாவது படிக்கலாம் என்றால் எங்கே தொடங்கலாம்? சட்டக் குறிப்பு வேண்டாம், கை வெட்டுகிறார்கள்.

பழஞ்சுவடி

பெனெடெய்ட் எழுதிய புனித பிரெண்டனின் கடற்பயணம். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம், சுமார் 1,800 அடி, சின்னச் சின்ன வரிகள். துறவிகள் ஒரு தீவில் இறங்கி அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள், தீவு நகரத் தொடங்கும், பார்த்தால் அது மீன். ஆங்கிலோ-நார்மன் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, புரியாத சொல்லை அதில் தேடிக்கொள்ளலாம். நவீன பிரெஞ்சு ஓரளவு தெரிந்தவர்கள், வரியை வாய்விட்டுப் படித்தால் பாதி பிடிபட்டுவிடும். எழுத்துக்கூட்டைப் பார்த்து மிரள வேண்டாம்.

ரூவன் தமிழன்

தேடும்போது 'விக்கெட்' என்றும் போட்டுப் பாருங்கோ.